குச்சியில் கறுப்பு, காலையில் சத்தம்: கையேடு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டீசல் இஞ்சின் தயாரிக்கும் நிறுவனங்களில் உரிமையாளர் கையேட்டை எழுதும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் உங்கள் எழுத்தோடு இருபது வருடத்துக்கு மேல் பழக்கம். டீசல் இஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பது என் தொழில். வண்டியில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடக்கும் உங்கள் கையேட்டை வண்டிக்காரரைவிட நான்தான் அதிகம் படித்திருப்பேன். அந்த உரிமையில் ஒரு குறை சொல்கிறேன்.

இத்தனை கிலோமீட்டரில் ஆயிலை மாற்று, இந்தத் தரத்தில் டீசல் போடு, சத்தம் கேட்டால் சர்வீஸ் மையத்துக்கு வா. இவ்வளவுதான் எழுதுகிறீர்கள். ஏன் என்பதை எழுதுவதே இல்லை. காரணம் தெரியாத மனிதர் என்ன செய்வார்? கண்ணையும் காதையும் வைத்து அவராகவே ஒரு முடிவுக்கு வருகிறார். அது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. ஒன்றுமில்லாததற்குத் தூக்கம் கெடுகிறார், பதற வேண்டிய இடத்தில் நிம்மதியாக இருக்கிறார்.

எடுத்துக்காட்டுக்கு ஆயிலின் நிறம். ஆயில் மாற்றிக்கொண்டு போன ஒருவர் நாலே நாளில் திரும்பி வந்தார். கையில் ஒரு வெள்ளைத் துணி, அதில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் துடைத்த கறை.

"அண்ணே, புது ஆயில்தானே ஊத்துனீங்க? பாருங்க, கரிச்சட்டி மாதிரி இருக்கு."

அவர் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் எவ்வளவு சொல்லியும் பாதி சந்தேகத்தோடுதான் போனார். உங்கள் கையேட்டில் இரண்டு வரி இருந்திருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார். டீசல் எரியும்போது கரி உண்டாவது தவிர்க்க முடியாதது. அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தில் ஒட்டுகிறது, பிஸ்டன் ரிங் அதை வழித்துக் கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கு அனுப்புகிறது. புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே இழுக்கும் இஜிஆர் வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. ஆயிலில் கலந்திருக்கும் டிஸ்பெர்சன்ட் என்கிற மருந்து இந்தக் கரித்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தனித்தனியாக மிதக்க வைக்கிறது. தனித் துகளின் அளவு ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. எந்த ஆயில் ஃபில்டரும் அதைப் பிடிக்காது, பிடிக்கவும் தேவையில்லை. போதாததற்கு, எவ்வளவு வடித்தாலும் இஞ்சினுக்குள் கொஞ்சம் பழைய ஆயில் தங்கத்தான் செய்யும். புது ஆயில் முதல் நாளே கறுக்க அது போதும்.

சொல்லப்போனால், கரி அதிகம் கக்கும் பழைய இஞ்சினில் ஆயில் ரொம்ப நாள் பொன்னிறமாகவே இருந்தால்தான் எனக்குக் கவலை. அந்தக் கரி அப்போது எங்கே போய்ப் படிகிறது?

கறுத்த ஆயில் எப்போது கெட்ட ஆயில் ஆகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது, ஒரு காசு செலவில்லை. ஆய்வகத்தில் பயன்படும் வெள்ளை வடிதாளை, நடுப்பகுதி எதிலும் படாதபடி ஒரு கிண்ணத்தின் வாய்மேல் வைத்து, சூடான இஞ்சினின் குச்சியிலிருந்து ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். விட்டுவிட்டு மறுநாள் பார்க்கலாம். சாம்பல் நிறம் வெளிப்பக்கமாகச் சீராகப் பரவியிருந்தால் டிஸ்பெர்சன்ட் இன்னும் வேலை செய்கிறது, கரியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம். நடுவில் மை வைத்த பொட்டுபோல் கறுப்பு நின்று, அதன் ஓரம் கூர்மையாக வெட்டினாற்போல் இருந்தால் ஆயில் கையை விரித்துவிட்டது. கரி கட்டியாகத் தொடங்கியிருக்கும், ஆயில் தடித்திருக்கும். இந்தச் சோதனையை அரைப் பக்கத்தில் இரண்டு படத்தோடு போட்டுவிடலாம். ஆயில் மாற்றும் கிலோமீட்டர் அட்டவணையை இது மாற்றாது. அட்டவணையை ஏன் மதிக்க வேண்டும் என்பதைக் கண்ணால் காட்டும்.

உண்மையில் இஞ்சினைத் தின்பது கண்ணுக்குத் தெரியாத வேறொன்று. ஐந்து முதல் இருபது மைக்ரான் வரை உள்ள மண் துகள். மனிதக் கண் நாற்பது மைக்ரானுக்குக் கீழே தனித் துகளைப் பார்க்காது. தலைமுடியே ஏறத்தாழ எழுபது மைக்ரான். சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலத்தின் தடிமனும் இந்தத் துகளின் அளவும் நெருங்கி வருவதால், அது இடையில் சிக்கி உப்புத்தாள் மாதிரித் தேய்க்கிறது. இது எங்கிருந்து வருகிறது? சரியாக உட்காராத ஏர் ஃபில்டர், காற்று உள்ளே போகும் வழியில் விரிசல் விட்ட இன்டேக் ஹோஸ், அப்புறம் எங்கள் கை. புனலைத் துடைக்காமல் ஆயில் ஊற்றுகிற மெக்கானிக்கை நான் தினம் பார்க்கிறேன். நானும் அந்தத் தப்பைச் செய்தவன்தான். பீப்பாயில் வரும் புது ஆயிலே எப்போதும் சுத்தமாக இருக்கும் என்றும் நம்ப முடியாது.

ஆக, கறுப்பாக இருக்கும் ஆயில் நல்லதாக இருக்கலாம், தேன் மாதிரி மின்னும் ஆயிலில் மண் இருக்கலாம். இதைத் தீர்த்துச் சொல்வது ஆய்வகம் மட்டும்தான். 1940-களிலேயே அமெரிக்க ரயில் கம்பெனிகள் டீசல் இஞ்சின் ஆயிலை, அதில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தன. சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்து கூடினால் மண் உள்ளே போகிறது, ஈயமும் செம்பும் கூடினால் பேரிங் தேய்கிறது, சோடியமோ பொட்டாசியமோ தென்பட்டால் இஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் கசிகிறது. ஒரு தடவை பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மூன்று நான்கு தடவை எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய ஜெனரேட்டரிலும் சுரங்க இயந்திரத்திலும் சாம்பிள் எடுக்கவே ஒரு சின்ன வால்வு இருக்கிறது. சிறிய இஞ்சினுக்கும் அதை வையுங்கள் என்று உங்கள் வடிவமைப்புப் பிரிவிடம் சொல்லிப் பாருங்கள். முடியாது என்றால், குச்சி போகும் குழாய் வழியாக உறிஞ்சி எடுப்பது எப்படி என்றாவது எழுதுங்கள். சம்ப் திருகைக் கழற்றியதும் முதலில் கொட்டுவதைப் பிடித்து அனுப்புகிறார்கள். அடியில் தங்கிய குப்பையெல்லாம் அதில் வந்து, முடிவைப் பார்த்து இல்லாத வியாதிக்கு வைத்தியம் நடக்கிறது.

சரி, டீசலுக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் மௌனம் அதிகம் கேடு செய்கிறது.

பழைய பம்ப் இஞ்சினுக்கும் உயர் அழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயில் தேக்கி எல்லாச் சிலிண்டருக்கும் பிரித்துத் தரும் இன்றைய காமன் ரெயிலுக்கும் டீசல் விஷயத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 1990-களின் பிற்பகுதியில் காமன் ரெயில் கார்களுக்கு வந்தபோது அழுத்தம் 1,350 பார், அதாவது காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 1,350 மடங்கு. இன்று 2,000 பாரைத் தாண்டிவிட்டது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் ஓடும் ஊசிக்கும் அதன் உறைக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். இதற்கு ஏற்ற சுத்தம் என்று உலக வாகன உற்பத்தியாளர்கள் சேர்ந்து வெளியிடும் எரிபொருள் சாசனம் ஒரு குறியீடு சொல்கிறது: 18/16/13. ஐஎஸ்ஓ 4406 முறைப்படி இதற்கு அர்த்தம், ஒரு மில்லிலிட்டர் டீசலில் நான்கு மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 2,500-க்குள், ஆறு மைக்ரானுக்கு மேல் 640-க்குள், பதினான்குக்கு மேல் 80-க்குள் இருக்க வேண்டும். ஒரு எண் கூடினால் துகள் இரட்டிப்பாகும். ஒரு மில்லிலிட்டர் என்பது இருபது சொட்டு. கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து "சுத்தமா இருக்கு" என்று சொல்பவரின் கண்ணுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

பாட்டிலில் பார்ப்பது வீண் என்று சொல்லவில்லை. தண்ணீரைக் கண்டுபிடிக்க அதுவே போதும். டீசல் பளிச்சென்று இல்லாமல் மூட்டம் போட்டாற்போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அடியில் தனிக் கோடாக நின்றால் சந்தேகமே வேண்டாம். தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும், பழுப்பாக வழவழவென்று பாசி மாதிரி இருக்கும். நிறைய நாள் ஓடாமல் நின்ற ஜெனரேட்டரின் ஃபில்டரைக் கழற்றினால் அந்த வழவழப்பு விரலில் ஒட்டும், நாற்றம் வேறு. தாவர எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் கலந்தால் டீசல் இன்னும் அதிகம் ஈரம் பிடிக்கும். அதோடு, பழைய டேங்கில் வருடக்கணக்காகப் படிந்ததையெல்லாம் கரைத்துக்கொண்டு வரும். முதல்முறை பயோடீசல் கலந்த டீசலுக்கு மாறியவருக்குச் சீக்கிரமே ஃபில்டர் அடைத்தால் அதில் அதிசயம் இல்லை. பாவம், அவர் பங்க்கைத் திட்டுவார்.

கந்தகத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில், டீசலுக்கு இயல்பாக இருந்த வழுக்கும் தன்மையும் சேர்ந்து போய்விடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடன் கந்தகம் மிகக் குறைந்த டீசலைக் கொண்டுவந்தபோது, டீசலாலேயே உயவு பெறும் பம்ப்புகள் தேய்ந்து போய்த்தான் இது எல்லோருக்கும் உறைத்தது. இப்போது அதற்கென்று மருந்து சேர்க்கிறார்கள். ஐரோப்பிய தரமான ஈஎன் 590, சோதனையில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. தரமான டீசல் போடுகிறவர் மேற்கொண்டு பாட்டில் பாட்டிலாக எதையோ வாங்கி ஊற்றத் தேவையில்லை. இதையும் நீங்கள் தெளிவாக எழுதுவதில்லை, அந்த இடைவெளியில் பாட்டில் விற்பவர்கள் பிழைக்கிறார்கள்.

இனி நான் மிகவும் ஆதங்கப்படும் ஒரு விஷயம். டீசல் ஃபில்டரை மாற்றும்போது புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பித் திருகுவது எங்கள் தொழிலில் பரம்பரைப் பழக்கம். குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும் ஏர் லாக் வராமல் உடனே ஸ்டார்ட் ஆகும். பழைய இஞ்சினில் அது பெரிய பாவம் இல்லை. காமன் ரெயிலில் அது இன்ஜெக்டருக்கு நாமே வைக்கும் உலை. புது ஃபில்டரின் நடுத்துளை வடிகட்டிய பக்கம். அதற்குள் கேனிலிருந்து ஊற்றும் டீசல், கேனின் மண்ணோடு, எந்த வடிகட்டலும் இல்லாமல் நேராகப் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகிறது. காலியாக மாட்டி, கைப்பம்ப்பாலோ மின் பம்ப்பாலோ டீசலை இழுத்து நிரப்ப வேண்டும், அதாவது ப்ரைமிங் செய்ய வேண்டும். சர்வீஸ் மையத்துக்குப் போகும் பெரிய புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அந்தப் புத்தகம் தெருவோரத்தில் வேலை செய்கிறவனிடம் வருவதில்லை. வண்டியோடு வரும் கையேடு வருகிறது. அதில் போடுங்கள். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று "அண்ணே, ஊத்தாம மாட்டுங்க" என்று சொன்னால் எங்களில் பலர் கேட்போம்.

இப்போது காலைச் சத்தம். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

டீசல் இஞ்சின் காலையில் ஏன் கடகடவென்று அடிக்கிறது? நெருப்புப் பொறி இல்லாத இஞ்சின் இது, காற்றை நசுக்கிய சூட்டிலேயே எரிய வேண்டும். டீசல் உள்ளே பீய்ச்சப்பட்டதற்கும் பற்றிக்கொள்வதற்கும் நடுவே ஒரு கண நேரத் தாமதம் உண்டு. இஞ்சின் குளிர்ந்திருந்தால் சிலிண்டர் சுவர் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், தாமதம் நீளும். அதற்குள் கூடுதல் டீசல் சேர்ந்துவிடும். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் பற்றி, அழுத்தம் செங்குத்தாக ஏறும். சுத்தியலால் தட்டினதுபோல் கேட்பது அதுதான். சீட்டேன் எண் என்பது இந்தத் தாமதத்தின் அளவுகோல்தான்: எண் கூடினால் சீக்கிரம் பற்றும். ஈஎன் 590 குறைந்தது 51 கேட்கிறது, அமெரிக்கத் தரம் 40-ஓடு விட்டுவிடுகிறது. ஒரே இஞ்சின் இரண்டு டீசலில் காலையில் இரண்டு விதமாகப் பேசினால் வியப்பில்லை. முக்கியப் பீய்ச்சலுக்கு முன் சிறிது டீசலைத் தெளித்து வைக்கும் பைலட் இன்ஜெக்ஷன் வந்த பிறகு இந்தச் சத்தம் வெகுவாகக் குறைந்தது. இதையெல்லாம் கண்டுபிடித்த உங்களுக்கு இதை நான்கு வரியில் எழுதுவதா கஷ்டம்?

வாடிக்கையாளர் எல்லாவற்றையும் "சத்தம்" என்கிற ஒரே சொல்லில் கொண்டுவருகிறார். ஆனால் காலைச் சத்தம் ஒன்றல்ல. எவ்வளவு நேரம் நீடிக்கிறது, சூடு ஏறினால் கூடுகிறதா குறைகிறதா என்ற இரண்டு கேள்வியிலேயே பாதி தெரிந்துவிடும். எல்லாச் சிலிண்டரிலும் சீராக வந்து, ஓரிரண்டு நிமிடத்தில் மெல்ல அடங்கும் கடகடப்பு எரிதலின் சத்தம், விட்டுவிடலாம். அதோடு வெள்ளைப் புகையும் இஞ்சின் குலுங்கலும் சேர்ந்தால் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பார்க்க வேண்டும். நான்கில் ஒன்று செத்தாலும் இஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் முதல் நிமிடம் நொண்டும். ஸ்டார்ட் ஆன பிறகும் சில நிமிடம் பிளக் எரிவது இந்தச் சத்தத்தைக் குறைக்கத்தான். வெற்றுப் பானையைத் தட்டுவதுபோல் டொக் டொக் என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் பிஸ்டன் லைனரில், அதாவது சிலிண்டரின் உள்சுவரில், ஆடுகிறது. பல வருடம் அப்படியே ஓடும். சூடான பிறகு, லோடு ஏற்றும்போது ஆழத்திலிருந்து கனமாக அடித்தால் வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும், அது பேரிங்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு வண்டி தினமும் காலையில் முதல் இரண்டு மூன்று வினாடி சரசரவென்று உலோகச் சத்தம் போடும், பிறகு பூனைபோல் அடங்கிவிடும். வேறொரு பட்டறையில் டைமிங் செயின், டென்ஷனர், கைடு எல்லாம் மாற்றிவிட்டார்கள். சத்தம் போகவில்லை. என்னிடம் வந்தது. ராத்திரி நிறுத்தி வைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யாமலே ஆயில் ஃபில்டரைக் கழற்றினேன். வாய் மேல்பக்கமாக இருக்கும் ஃபில்டர் அல்ல, படுக்கையாக மாட்டுவது. கழற்றும்போது ஆயில் கொட்ட வேண்டும். கையை நனைக்கக்கூட இல்லை. உள்ளே ஆயில் திரும்பி வழியாமல் தடுக்கும் ரப்பர் தடுக்கு பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப் போயிருந்தது. ராத்திரி முழுக்க ஆயில் சம்ப்புக்கு இறங்கிவிட்டது. காலையில் பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும் வரை, ஆயில் அழுத்தத்தில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தொளதொளவென்று கிடக்கும், செயின் ஆடும். நல்ல ஃபில்டர் ஒன்று போட்டேன், மறுநாள் சத்தம் இல்லை. புது செயின் போட்ட செலவு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இதில் ஆயிலின் தடிமனும் சேரும். 15டபிள்யூ-40 என்றால் முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது. எண் சிறுத்தால் சீக்கிரம் மேலே ஏறும். இது தெரியாமல், சத்தம் வருகிறது என்று இன்னும் தடித்த ஆயிலை ஊற்றுகிறார்கள். சத்தம் கொஞ்சம் அமுங்கும். டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர நேரம் ஆகும். "கெட்டியான ஆயில்தாண்ணே இஞ்சினுக்கு பலம்" என்று சொல்லாத டிரைவரை நான் பார்த்ததில்லை.

சத்தத்தைத் தேடும்போது ஆபத்து ஒன்று உண்டு, அதற்கு உங்கள் கையேட்டில் சிவப்பு எழுத்து வேண்டும். பழைய பம்ப் இஞ்சினில் டீசல் பீய்ச்சும் எந்த நாசில் அடிக்கிறது என்று பார்க்க, ஓடும்போதே ஒவ்வொரு பைப்பின் நட்டையும் தளர்த்துவோம், சத்தம் மாறும் இடம்தான் குற்றவாளி. அதே பழக்கத்தில் காமன் ரெயில் பைப்பைத் தளர்த்தினால் 2,000 பாரில் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். மேலே ஊசி குத்தின அளவுதான் தெரியும். வலிகூட முதலில் இருக்காது. கையையே இழக்க நேரலாம், உடனே அறுவை சிகிச்சை வேண்டும். காமன் ரெயிலில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று ஸ்கேனர் காட்டும் திருத்த அளவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைசியாக, ஆயிலும் டீசலும் ஒரே இடத்தில் வந்து முட்டுவதைச் சொல்லியாக வேண்டும். புகை வடிகட்டியான டிபிஎஃப் உள்ள வண்டி அதை எரித்துச் சுத்தம் செய்யக் கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சுகிறது. பல இஞ்சின்களில் அதைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுவதால் கொஞ்சம் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. பக்கத்துத் தெரு வரைக்கும் ஓட்டிவிட்டு நிறுத்துகிறவரின் வண்டியில் இந்த எரிப்பு பாதியில் நின்று நின்று, சம்ப்பில் டீசல் ஏறிக்கொண்டே போகும். அதில் பயோடீசல் கலந்திருந்தால் சூட்டில் ஆவியாகிப் போகவும் போகாது. ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "என் வண்டி ஒரு சொட்டு ஆயில் குடிக்காதுண்ணே, ஏறிக்கிட்டுதான் இருக்கு." குச்சியை உருவினேன். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு. மோந்து பார்த்தால் டீசல். அந்த ஆயில் நீர்த்து, பேரிங்கைத் தாங்கும் வலு போயிருந்தது. இன்னும் ஏறியிருந்தால் இஞ்சின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடியிருக்கும். ஆயில் குறைந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கும் உங்கள் கையேட்டில், ஏறினால் என்ன என்பதை அந்த மனிதர் கண்ணில் படுகிற இடத்தில் நான் பார்க்கவில்லை.

அடுத்த பதிப்பில் எல்லாவற்றையும் எழுதிவிட இடம் இருக்காது, தெரியும். அப்படியானால் ஒரு படத்தையாவது மாற்றுங்கள். நான் பார்த்த கையேடுகளில் ஆயில் குச்சியின் படம் வரும் பக்கத்தில் ஆயில் எப்போதும் தேன் நிறத்திலேயே இருக்கிறது. அங்கே கறுப்பு மை பூசி, மேல் கோட்டுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு போட்டு, "இதைத் தாண்டினால் மோந்து பாருங்கள்" என்று அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இஞ்சின்களோடு தினமும் பழகும் ஒரு டீசல் மெக்கானிக்